அழித்ததைப் படித்தவர்

மந்தைவெளி பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் குடியிருந்த ரகுபதிக்கு எங்கே உட்கார்ந்தாலும் நிலைகொள்ளாது. தி.நகரில் ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. நாற்காலியின் முக்கால்வாசியைக் காலியாக விட்டுவிட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கப் போகிறவர் மாதிரி விளிம்பில் உட்காருவார். மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஆபீஸ் டெலிபோனில் சொந்த வீட்டு நம்பரைச் சுழற்றுவார். எங்கேஜ்டாக இருந்தால், 'யாரோ எழுதுகிறான், என்ன எழுதுகிறானோ' என்று ஒரு கவலை. மணி அடித்து எதிர்முனையில் கீச்சென்று இரைச்சல் கேட்டால், 'யாருமே எழுதவில்லையே, சலித்துவிட்டதோ' என்று வேறு கவலை. இரண்டுக்கும் நடுவில் நிம்மதி என்று ஒரு சத்தத்தை டெலிபோன் இலாகா வைக்கவில்லை.

வருஷம் 1996. இன்டர்நெட் என்ற பேச்சு அப்போதுதான் ஊருக்குள் நுழைந்திருந்தது. ரகுபதியிடம் இருந்தது அது இல்லை. அதற்கு ஏழைப் பங்காளி. வீட்டுக் கம்ப்யூட்டரை டெலிபோன் ஒயரோடு ஒரு மோடத்தால் முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். மோடம் உள்ளவர்கள் யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரிலிருந்து அந்த நம்பருக்கு அடிக்கலாம். அடித்தால் அவர்கள் திரையில் 'மாடவீதி' என்று ஓர் அறிவிப்புப் பலகை விரியும். பிறர் எழுதி வைத்துவிட்டுப் போனதைப் படிக்கலாம். தானும் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி எழுதி வைத்துவிட்டுப் போகலாம். லைன் ஒன்று என்பதால் ஒரு சமயத்தில் ஒருவர்தான். ஆளுக்கு அரை மணி. அதற்கு மேல் கருத்துரிமை கிடையாது. பின்னால் நாலு பேர் எங்கேஜ்ட் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு பல்லைக் கடிக்கிறார்கள்.

இதை நடத்துகிறவருக்கு சிஸாப் என்று பெயர். "சோப்புக் கட்டி மாதிரின்னா இருக்கு" என்றாள் அவர் மனைவி காமாக்ஷி. அவள் வீட்டிலேயே பெண் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். குழந்தைகளின் அம்மாக்கள் போன் செய்தால் மோடம் எடுத்து அலறும். ஒரு மாமி நேரிலேயே வந்து கேட்டுவிட்டாள்: "உங்காத்துக்கு போன் பண்ணினா யாரோ கத்தறாளே காமாக்ஷி, புதுசா சேர்ந்திருக்காளா? சுருதியே சேரலையே."

வங்கியில் ரகுபதி சொல்லி ஒரு காகிதம் நகர்ந்ததில்லை. மாடவீதியில் அவர் நகர்த்தாமல் ஒன்றும் நகராது. அந்தப் பலகை இல்லாவிட்டால் தான் யார் என்று ஒரு தடவை யோசித்துப் பார்த்தார். கிடைத்த பதில் பிடிக்காததால் அதற்கப்புறம் யோசிக்கவில்லை.

சட்டம் முதலில் ஒரே ஒரு வரிதான்: மரியாதையாக எழுதவும். மார்கழி வந்தது. எந்த சபா கேன்டீனில் கீரை வடை நன்றாக இருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. ஒருவர் இன்னொருவருக்கு இருப்பது எருமை நாக்கு என்று எழுதிவிட்டார். ரகுபதி அதை எடுத்துவிட்டார். எழுதினவர், "என் அபிப்பிராயத்தை வெட்ட நீங்கள் யார்?" என்றார். திட்டு வாங்கினவருக்கு அதைவிடக் கோபம்: "நான் படிக்கறதுக்குள்ள எப்படி எடுக்கலாம்? எனக்கு பதில் சொல்லத் தெரியாதா?" ரகுபதி ராத்திரி புரண்டு புரண்டு படுத்து, 'மனிதரை விலங்கோடு ஒப்பிடலாகாது' என்று இரண்டாவது சட்டம் போட்டார். மறுநாளே பூசணிக்காய் வந்தது. காய்கறிகளும் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. பழங்கள் விஷயத்தில் இன்றுவரை தெளிவில்லை.

இதெல்லாம் வெளியே தெரிந்த நிர்வாகம். தெரியாதது ஒன்று இருந்தது.

அழைப்பவர் திரையில் என்ன தெரிகிறதோ, அது அப்படியே ரகுபதியின் திரையிலும் தெரியும். அங்கே ஓர் எழுத்துத் தட்டினால் இங்கே ஓர் எழுத்து முளைக்கும். அங்கே அழித்தால் இங்கேயும் அழியும். ஆக, எழுதி அனுப்பியதை ஊர் படித்தது. எழுதி அழித்ததை ரகுபதி மட்டும் படித்தார். பொழுதுபோகாமல் ஆரம்பித்தது, கொஞ்ச நாளில் காலைக் காபி மாதிரி ஆகிவிட்டது. 'அன்பரே, தங்கள் கருத்தில் எனக்குச் சிறு மாறுபாடு' என்று ஊர் படித்த வாக்கியம், பிறக்கும்போது 'போடா மடையா' என்று இருந்ததை அவர் அறிவார். பல் டாக்டர் ஒருவர் தன் மனைவியின் குணாதிசயங்கள் பற்றி நாலு வரி எழுதி, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாகத் துடைத்துவிட்டு, இந்த வருஷம் வெயில் அதிகம் என்று எழுதிப் போனார். ரகுபதி இதையெல்லாம் யாரிடமும் மூச்சு விட்டதில்லை. கோள் சொல்கிற புத்தி அவருக்கு இல்லை. தெரிந்து வைத்துக்கொள்கிற புத்தி மட்டும்தான்.

மாடவீதிக்குத் தூண் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் சுப்பராமன். மத்திய சர்க்காரில் பெரிய பதவி பார்த்து ஓய்வு பெற்று ஆர்.ஏ.புரத்தில் இருந்தார். பலகையின் மோடமே அவர் உபயம். அமெரிக்காவிலிருந்து பிள்ளை கொண்டு வந்தது. ஒருநாள் அவர் எழுதினார்: 'எங்கள் தெருமுனையில் சில பெண்மணிகள் மீன் விற்கிறார்கள். அவர்கள்பால் எனக்கு மிகுந்த அனுதாபம் உண்டு. ஆயினும் சுகாதாரம், போக்குவரத்து, அக்கம்பக்கத்தாரின் நாசி ஆகியவற்றை உத்தேசித்து, அவர்களுக்கு வேறு தகுந்த இடம் காட்டும்படி மனுக் கொடுக்க உள்ளோம். உடன்படுவோர் பெயர் தரவும்.' படித்தவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் கொடுத்துக்கொண்டு போனார்கள். ரகுபதி தன் சட்டங்களை அந்த வாக்கியங்களின் மேல் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். விலங்கு இல்லை, காய்கறி இல்லை, மரியாதை வழிந்தது.

அதற்குக் கீழே ஜெனிதா எழுதினாள். நொச்சிக்குப்பத்துப் பெண், தி.நகரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் சொல்லிக்கொடுக்கிறாள். வகுப்பு முடிந்த பிறகு அங்கிருந்தே மாடவீதிக்கு அடிப்பாள். பேசுகிற மாதிரியே எழுதுவாள். பலகையில் பாதிப் பேர் அவள் எழுதியதைப் படிக்கத்தான் வந்தார்கள் என்பது ரகுபதிக்குத் தெரியும். அவள் எழுதியது ஒரே வரி: 'நாத்தம் தாங்கலன்னா மூக்க மூடிக்கினு போ சார், ரோடு இன்னா உங்க தாத்தா போட்டதா?'

மறுநாள் காலையில் சுப்பராமன் வாக்கிங் குச்சியோடு மாடி ஏறி வந்துவிட்டார்.

"படிச்சியா ரகு?"

"படிச்சேன் மாமா."

"என் தாத்தாவை இழுக்கறா."

"அவா பேசற பேச்சே அப்படித்தான் மாமா, மனசுல ஒண்ணும் இருக்காது."

"பேச்சை நான் குத்தம் சொல்லலை. உன் சட்டத்தைச் சொல்றேன். நான் மரியாதையா எழுதியிருக்கேனா இல்லையா? 'பெண்மணிகள்'னு போட்டிருக்கேன். அனுதாபம்னுகூட ஒரு வார்த்தை போட்டிருக்கேன், பாத்தியோ?"

"பாத்தேன்."

"அப்புறம் என்ன? நான் ஒண்ணும் வற்புறுத்தலை. உன் பலகை, உன் இஷ்டம்." எழுந்தவர், வாசல்வரை போய் நின்று, கம்ப்யூட்டர் பக்கம் பார்த்தார். "மோடம் எப்படி ஓடறது? சூடாறதோ?"

"இல்லை மாமா, நன்னா ஓடறது."

"ஓடட்டும் ஓடட்டும்."

அவர் தலை மாடிப்படியில் மறைவதற்குள் ஜெனிதாவின் வரி மறைந்துவிட்டது. 'விதி ஒன்றின்படி நீக்கப்பட்டது' என்று அந்த இடத்தில் ஒரு கல்வெட்டை நட்டுவிட்டு ரகுபதி சட்டையை மாட்டிக்கொண்டார். காமாக்ஷி காபி டம்ளரை ஆற்றிக்கொண்டே நின்றாள்.

"மாமா எழுதினதை நானும் படிச்சேன். நெய்யா விட்டு எழுதியிருக்கார். அந்தப் பொண்ணு உப்புப் போட்டு எழுதியிருக்கா. உங்க சட்டத்துக்கு உப்பு மட்டும்தான் கண்ணுல படறது."

"சட்டம்னா வார்த்தையைத்தான் பார்க்கும் காமு. மனசையா பார்க்க முடியும்?"

"நீங்கதான் பாக்கறேளே" என்றாள் காமாக்ஷி. ரகுபதி பஸ்ஸைப் பிடிக்க ஓடினார்.

அன்று பூராவும் வங்கியில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. செய்தது சரி என்று கேன்டீனுக்குப் போகும்போது தோன்றியது. திரும்பி வரும்போது தோன்றவில்லை. சாயங்காலம் வீடு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மோடம் கீச்சிட்டது. ஜெனிதா.

கல்வெட்டைப் படித்தாள். பிறகு எழுத்துகள் கொட்ட ஆரம்பித்தன.

'அந்த முக்குல மீன் விக்கிறது எங்கம்மாதான். மனு போட்டா போடு, எங்கம்மா எத்தினியோ மனுவ பாத்துது. ஆனா ஆழ்வார்பேட்டைல கீறாரே சுப்பராமன் சாரு மாப்ள, அவரயும் கையெழுத்து போடச் சொல்லு. ஞாயித்துக்கெயம காலீல ஸ்கூட்டர்ல வந்து, ஹெல்மெட்ட கயட்டாமயே எங்கம்மா கைல வஞ்சிரம் வாங்கினு போறாரு. பூஜ சாமான் கட பையில சுத்திக்கினு. மாமனாருக்கு நாறுது, மாப்ளைக்கு மணக்குதா?'

ரகுபதி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். காமாக்ஷி பாட்டை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். காலைவரை அவர் இப்படி ஒரு வரியைக் கண்டால் விரலை அழிக்கும் பொத்தானில்தான் வைப்பார். இப்போது என்னவோ, காலையில் தின்ற நெய்யெல்லாம் நெஞ்சைக் கரித்தது. 'வரட்டும், இதை நான் எடுக்கப் போவதில்லை. மோடம் போனால் போகட்டும்' என்று அவருக்கே ஆச்சரியமாக ஒரு வீரம் வந்தது.

ஆனால் அவள் அனுப்பவில்லை. கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கி அழிந்துகொண்டே வந்தது. மணக்குது போயிற்று, பூஜை சாமான் போயிற்று, வஞ்சிரம் போயிற்று, ஹெல்மெட் போயிற்று. வெறும் திரையில் கச்சிதமாக ஒரு வரி வந்தது: 'அங்கே மீன் விற்பவர் என் அம்மா. அவரையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மனு எழுதுங்கள்.' அனுப்பிவிட்டாள்.

ரகுபதிக்குப் பொறுக்கவில்லை. சிஸாப் நினைத்தால் அழைப்பவரோடு நேராகத் திரையிலேயே பேசலாம். அதற்கு ஒரு பொத்தான் உண்டு. அதைத் தட்டினார்.

'ஜெனிதா, ஹெல்மெட் விஷயத்தை ஏன் அழிச்சீங்க? அதுதான் பிரமாதம். தைரியமா போடுங்க, நான் எடுக்க மாட்டேன்.'

'யாரு இது?'

'நான்தான். சிஸாப். ரகுபதி.'

'நான் அத்த அனுப்பவே இல்லியே சார். உனுக்கு எப்டி தெரியும்?'

'அது வந்து' என்று ரகுபதி தட்டினார். அழித்தார். 'எல்லாப் பலகையிலும்' என்று தட்டினார். அதையும் அழித்தார். இந்தப் பேச்சில் இவர் அழிப்பதும் அவளுக்குத் தெரியும் என்பது மூன்றாவது வாக்கியத்தின் நடுவில்தான் உறைத்தது.

'பாத்துக்கினே இருந்தியா? இத்தினி நாளா?'

'யாரிடமும் சொன்னதில்லை.'

'அந்த ஆளு எங்கம்மாகிட்ட மீன் வாங்குற ஆளு சார். வூட்ல தெரிஞ்சா அவருக்கு பேஜாரு. எனக்கு கோவம் வந்திச்சி, அடிச்சேன். அப்பால வாணாம்னு தோணிச்சி, அழிச்சேன். என் வார்த்தய எடுத்தே, சரி, உன் போர்டு. அந்த வாணாம்ன்றது என்னுது சார். அதுக்குள்ள நீ எப்டி பூந்தே?'

லைன் அறுந்தது.

ரகுபதி கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தார். ஒரு பெண்ணுக்குப் பேச்சுச் சுதந்திரம் வாங்கிக் கொடுக்கப் போய் இப்படியா? காமாக்ஷியிடம் சொன்னார். "நன்னா வாங்கிக் கொடுத்தேள், ஒட்டுக் கேட்டுண்டே" என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி சுருதிப் பெட்டியை அழுத்தினாள்.

மறுநாள் சாயங்காலம் ஜெனிதா ஓர் அறிவிப்பு எழுதி அனுப்பினாள்: 'எல்லாருக்கும் சொல்றேன். இங்க நீங்க எழுதி அழிக்கிறதையும் சிஸாப் பாக்குறாரு. பாத்து எழுதுங்க.' எழுதிவிட்டு லைனை வைத்துவிட்டாள்.

அவள் வைத்ததற்கும் அடுத்தவர் அடிப்பதற்கும் நடுவில் ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் மாடவீதியில் ரகுபதியைத் தவிர ஈ காக்கை கிடையாது. அவர் சட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். மரியாதைக் குறைவு இல்லை. பொய் இல்லை. இது பலகையில் நின்றால் பல் டாக்டர் போவார், சுப்பராமன் மாமா மோடத்தோடு போவார், அழித்தவர்கள் அத்தனை பேரும் போவார்கள்; அழிக்காதவர் என்று பலகையில் ஒருவர்கூட இல்லை. எந்த விதி என்று எழுதாமலே எடுத்துவிட்டார். கல்கூட நடவில்லை.

ஜெனிதா மறுபடி வந்தாள். அறிவிப்பைக் காணோம். மறுபடி எழுதினாள். மறுபடி எடுத்தார். மூன்றாம் முறை வந்தபோது அவள் போக்கே வேறாக இருந்தது.

எழுதினாள், அனுப்பவில்லை, அழித்தாள்.

'இன்னா சார், இது தெரியுதா?' அழிந்தது.

'இத்த எந்த விதில எடுப்பே?' அழிந்தது.

'நான் எழுதவே இல்லியே. உன் போர்டுல ஒண்ணுமே இல்ல பாரு.' அழிந்தது.

ரகுபதி பேச்சுப் பொத்தானைத் தொடப் போனார், கை வரவில்லை. அவளுடைய அரை மணியும் அப்படியே போயிற்று. முடிந்ததும் பலகை தானாகத் துண்டித்தது. அடுத்த நொடியே அடித்து உள்ளே வந்துவிட்டாள். வேறு யாரும் நுழைய வழியில்லை. பின்னால் நிற்பவர்களுக்கெல்லாம் எங்கேஜ்ட். ஊருக்குத் தெரியாமல், ஒரு வார்த்தை பலகையில் நிற்காமல், ரகுபதி ஒருவருக்காக மட்டும் மாடவீதி நடந்துகொண்டிருந்தது.

"என்ன எழுதறா?" என்றாள் காமாக்ஷி, பின்னால் வந்து நின்று.

"ஒண்ணும் எழுதலை."

"இதோ எழுதறாளே?"

"அழிச்சுடுவா."

திரையில் வந்தது: 'நேத்து நீயும் ரெண்டு தபா எழுதி அழிச்சே. நான் பாத்தேன். எப்டி கீது சார்?'

இதை அவள் அழிக்கவில்லை. அனுப்பவும் இல்லை. அப்படியே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். நேற்று, தான் அழித்ததையெல்லாம் எதிர்ப்பக்கம் ஒருத்தி படித்துக்கொண்டிருக்கிறாள் என்று உறைத்ததே, அந்த நிமிஷம் மேல்சட்டை இல்லாமல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது ரகுபதிக்கு ஞாபகம் வந்தது. பல் டாக்டருக்கு அந்த நிமிஷம் இன்னும் வரவில்லை. வரவே வராமல் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் ரகுபதி அறிவிப்பை இரண்டு தடவை எடுத்தார்.

பேச்சுப் பொத்தானைத் தட்டினார். 'நானே போடுகிறேன். லைனை விடுங்க.'

'என் பேர்ல வாணாம். உன் பேர்ல போடு.'

'என் பேரில்.'

லைன் விடுபட்டது. ரகுபதி எழுதினார். அழிக்காமல் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக ஆரம்பித்தார். பிழைகளோடு முடித்தார்: 'நீங்கள் இங்கே எழுதி அழிப்பதையும் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் நாளிலிருந்து. இதை இரண்டு தடவை ஜெனிதா சொன்னார். இரண்டு தடவையும் எடுத்தது நான். இனி யாராவது எழுத ஆரம்பித்தால் என் திரையை அணைத்துவிடுவேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.' ஜெனிதாவின் நாத்தம்-மூக்கு வரியையும் பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார். தாத்தாவோடு.

முதலில் பல் டாக்டர் வந்தார். அறிவிப்பைப் படித்தார். ஒன்றும் எழுதாமல் வைத்துவிட்டார். அடுத்து வந்தவரும் அப்படியே. மூன்றாவது ஆள், 'சிஸாப், அந்த வடை விஷயத்தில் நான் அழித்தது நினைவிருக்கிறதா? மறந்துவிடவும்' என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். ரகுபதி அதை அவர் போன பிறகுதான் திரையைப் போட்டுப் படித்தார். அவ்வளவு நேரமும் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

பிறகு சுப்பராமன் வந்தார். பெயர் தெரிந்தது. அறிவிப்பைத் திறந்தார். நெடுநேரம் அதிலேயே நின்றார். இத்தனை நாளாகத் தான் என்னென்ன அழித்தோம் என்று கணக்குப் பார்க்கிறார் போலும். அப்புறம் எழுதும் பக்கத்துக்குப் போனார். 'ரகு' என்று வந்தது.

ரகுபதி திரையை அணைத்தார்.

அறை திடீரென்று இருட்டினாற்போல் இருந்தது. சமையலறையிலிருந்து காமாக்ஷி, "கரண்ட் போயிடுத்தா?" என்றாள்.

"இல்லை. நான்தான் அணைச்சேன். மாமா எழுதறார்."

"என்ன எழுதறார்?"

"தெரியாது."

அந்த நாற்காலியிலிருந்து அந்த வார்த்தையை அவள் இதுவரை கேட்டதில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள். மோடத்தில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. ஓர் எழுத்து வந்தாலும் துடிக்கும், ஓர் எழுத்து அழிந்தாலும் துடிக்கும்.

"மோடத்தைத் திருப்பிக் கேக்கறாரோ?"

"கேக்கலாம்."

"திட்டறாரோ?"

"திட்டலாம். அனுப்பினா தெரியும்."

"அனுப்பாம அழிச்சுட்டா?"

"அப்போ தெரியாது."

விளக்கு விடாமல் துடித்தது. மாமா நிறைய எழுதினார், அல்லது நிறைய அழித்தார். காமாக்ஷி கொஞ்ச நேரம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். ஒட்டுக் கேட்டதாக அவரைச் சொன்னவள்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஏன்னா, இந்த ஒரு தடவை மட்டும். திட்டறாரா இல்லையான்னு பாத்துட்டு உடனே அணைச்சுடலாம்."

அவள் கை திரைப் பொத்தானுக்கு நீண்டது. ரகுபதி எழுந்து நடுவில் வந்து நின்றார். முதுகைத் திரைக்குக் காட்டி, இரண்டு கையையும் பின்னால் கோத்து அந்தப் பொத்தானை மூடிக்கொண்டு. "போ காமு, சாதம் குழையப் போறது" என்றார். அவள் போகவில்லை. அவரும் நகரவில்லை. அவர் உள்ளங்கைக்கு அடியில் அந்தப் பொத்தான் குறுகுறுத்தது.